கையொப்பக் கோடு

இந்த ஊரின் பெயர் கூர்.
என் மொழியில் அது கத்தியின் நுனி,
இவர்கள் மொழியில் வெறும் ஊர்.
ரயில் வந்து நிற்கும், மலை தொடங்கும்.

செப்டம்பர், வேட்டைக்காலம்.
மலையாட்டு இறைச்சியோடு யோரி வந்திருந்தார்
எங்கள் சமையலறைக்கு, பூட்ஸைக் கழற்றாமல்.
கட்சியின் ஊர்க்கிளையில் நாங்கள் மூன்று பேர் இப்படி.
யோரிக்கு அறுபத்தெட்டு; யாரிடமும் சொன்னதில்லை,
யாருக்கும் தெரியாமலும் இல்லை.
ஃப்ளூரின் பொருளாளன்.
நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன்.

ஆணும் ஆணும் மணக்கலாமா என்று
நாடு முழுக்க வாக்கு.
கிளை முடிவெடுத்துவிட்டது: வேண்டாம்.
இருபத்தொன்றுக்கு நான்கு. குறிப்பில் நான்தான் எழுதினேன்.
நான்கில் ஒன்று என் கை.
ஃப்ளூரினின் கை எப்போது உயர்ந்தது என்று
பக்கத்து நாற்காலியிலிருந்தே பார்த்தேன்.

"கேட்டால் கொடுப்பார்கள்," என்றார் யோரி,
"கொடுத்தவன் ஒருநாள் கணக்குக் கேட்பான்.
நாற்பது வருடம் இந்தப் பள்ளத்தாக்கில்
ஒரு கல்லும் என் ஜன்னலில் விழவில்லை.
சத்தம் போடுகிறவன் விருந்தாளி.
வீட்டுக்காரன் கத்தமாட்டான்."

விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
முப்பத்தொரு வருடமாக நான் இங்கே விருந்து.
குடியுரிமை நேர்காணலில்
ஆற்றின் பெயர், மலையின் பெயர், குப்பைப் பையின் விலை
எல்லாம் சரியாகச் சொன்னேன்.
நன்றி சொல்லியே பழகிய வாய்.
இன்னொரு நன்றிக்கு அதில் இடமில்லை.

நான் ஊர்வலம் போனவனில்லை.
சூரிச்சில் அவர்கள் மினுமினுப்பு பூசி ஆடியபோது
நாங்கள் இருவரும் வரிப்படிவம் நிரப்பிக்கொண்டிருந்தோம்.
அதில் ஒரு கட்டம்: பதிவுசெய்யப்பட்ட துணை.
யோரியின் துப்பாக்கி பதிவுசெய்யப்பட்டது.
அவருடைய நாயும்.
எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும்
அந்தக் கட்டம் எனக்கு முன்னால் ஓடிப்போய்
கதவைத் தட்டிச் சொல்லிவிடும்.

"வாக்குக் கொடுப்பது, ஒரு கூரை,
கடைசியில் ஒரே கல்லறைக்கல்.
இதைவிடப் பழையது எது?
காக்க வேண்டும் என்று நாம் கூட்டம் போடுவதைத்தானே
நான் கேட்கிறேன்?"

ஃப்ளூரின் இறைச்சியிலிருந்து சவ்வை உரித்துக்கொண்டே,
"அம்மாவின் தேவாலயத்துக்குள்
சட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நுழையமாட்டேன்.
உன்னோடு இருக்க எனக்கு
பெர்னிலிருந்து ஒரு தாள் தேவையில்லை."
"தாள் ஏற்கெனவே இருக்கிறது," என்றேன். "பாதித் தாள்."
யோரி எழுந்து ஜன்னலைச் சாத்தினார்,
அக்கம்பக்கம் கேட்கும் என்று.

வெள்ளிக்கிழமை காலை
தன் வாக்கு உறையையும் என்னிடமே நீட்டினான்:
"போகிற வழிதானே."
பிளெசூர் பாலத்தில் தெற்குக் காற்று.
உறை வாய் திறந்திருந்தது.
சீட்டு தன் சின்ன உறைக்குள் ஒட்டி மூடி,
வாக்காளர் அட்டை தனியே,
கையொப்பக் கோடு வெறுமையாய்.

கையொப்பமில்லாத வாக்கு செல்லாது.
ஒரு 'வேண்டாம்' குறையும்.
நான் செய்யவேண்டியது
மேலே நடப்பது மட்டும்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.
பேருந்து ஒன்று போயிற்று, இன்னொன்றும்.
விதி என்றால் விதி என்று நம்பித்தான்
இந்தக் கட்சியில் சேர்ந்தேன். திரும்பி நடந்தேன்,
திட்டிக்கொண்டே, தமிழில்.

பல்பசை நுரையோடு கதவைத் திறந்தான்.
அட்டையைப் பார்த்தான், பிறகு என்னை.
"மறந்துவிட்டேன்."
கிளைக் கணக்கில் ஐந்து ராப்பன் விட்டதில்லை இவன்.
"என்ன போட்டிருக்கிறேன் என்று கேட்கமாட்டாயா?"
"வாக்கு ரகசியம்," என்றேன்.
என்னைத் திருப்பி நிறுத்தி
முதுகில் அட்டையை வைத்துக் கையெழுத்திட்டான்.
பேனாவின் கூர் சட்டை வழியே தெரிந்தது.
பெயரைவிட நீளமாக எழுதிய மாதிரி இருந்தது.

நகரமன்றப் பெட்டியின் வாயில்
இரண்டு உறையையும் சேர்த்தே தள்ளினேன்.
விழுந்த சத்தம் ஒன்றுதான்.
உள்ளே முகத்தோடு முகமா, முதுகோடு முதுகா,
பெட்டி பூட்டியிருந்தது.

மாலை யோரி வருகிறார்,
மீதி இறைச்சிக்கு.