மணி 1:52

எங்க தெருக் குழுவில ஒரு படம் போட்டிருக்காவ.
பெருமாள்புரம், முந்தின ராத்திரி, மணி 1:52,
கோமதிநாயகம் அண்ணாச்சி வீட்டுக் கேமரா பிடிச்சது.
கரண்டுக் கம்பத்தில ஒரு கை ஊணி ஒரு உருவம்,
இன்னொரு கையில பை,
மூக்குக்கு மேல வரைக்கும் மாஸ்க்.
“யாருன்னு தெரியுதா?”

பதினேழு நிமிஷத்தில முப்பத்தொரு பதில்.
வடக்கத்திப் பய மாதிரிலா இருக்கு.
பயலா? நிக்க நிலையப் பாரும்வே, பொம்பள.
பொம்பளையா, இந்நேரத்திலயா?
அந்தக் கேள்விக்கு மட்டும் எட்டுக் கட்டைவிரல்.
பையில கம்பி இருக்கும்னு சொல்லுதாரு
வீட்டைக் காலி பண்ணிக் கேடிசி நகர் போயும்
குழுவை இன்னும் காலி பண்ணாத ஞானதுரை சார்.
முப்பிடாதி அக்கா, வழக்கம்போல,
கும்பிடுத கை ரெண்டு.

பையில கம்பி இல்ல.
எவர்சில்வர் டப்பா, அதில காணத் துவையல் மிச்சம்,
மடிச்சு வச்ச நர்ஸ் உடுப்பு.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில என்னை மாத்த வேண்டியவ
ஒரு மணிக்குத்தான் வந்தா.
கம்பத்தைப் பிடிச்சது
செருப்பு வார் அந்துபோனதால.

இதே குழுவில, ஒரு மார்கழியில,
மொட்டை மாடியில நின்னு நான் எழுதினேன்:
பையனுக்கு வலிப்பு மாத்திரை தீந்துபோச்சு.
கீழ தெரு இல்ல. தண்ணி.
லாரி ட்யூபைத் தள்ளிக்கிட்டு
நெஞ்சளவு கலங்கல்ல வந்தாரு கோமதிநாயகம் அண்ணாச்சி.
பால் கவர்ல சுத்தி
பல்லால கடிச்சுப் பிடிச்ச பத்து மாத்திரை.
காசு நீட்டினதுக்கு ஏசினாரு.
மழை ஊத்தின ஊத்துல
எதுத்தாப்ல நிக்கவங்க முகம் தெரியாது.
என் முகம் அவருக்குத் தெரிஞ்சுது.

“அது நான்தான் அண்ணாச்சி”ன்னு அடிச்சேன்.
கூடவே “டூட்டி முடிஞ்சு”ன்னு அடிச்சேன்.
டூட்டியை அழிச்சேன்.
எட்டுக் கட்டைவிரலுக்கு நான் ஏன் கணக்குச் சொல்லணும்?
பெறகு ‘நான்தான்’ஐயும் அழிச்சேன்.
உறக்கம் வரல்ல.

நாலு பத்துக்கு முப்பிடாதி அக்கா:
தண்ணி வருது.
கம்பி, பொம்பள, வடக்கத்தி
எல்லாம் மேல ஏறிப் போச்சு.
நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு:
“குடிதண்ணியா, உப்புத்தண்ணியா?”
“குடிதண்ணிதாம்மா, சட்டுன்னு பிடி.”
கோமதிநாயகம் அண்ணாச்சி. அவருக்கும் உறக்கம் இல்ல போல.

தெருக்குழாய் அவர் கேமராவுக்கு நேர் எதிரே.
குடத்தை வச்சிட்டு, மாஸ்க் இல்லாம,
அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னேன்,
அது நிறைஞ்சு
என் கால்ல வழியுத வரைக்கும்.