இனிஷியல்

குடியாத்தத்தில் ஒரு வரவேற்பு. ஏழே முக்கால்.
கரண்ட் போய் ஜெனரேட்டர் இருமி எழுந்த இடைவெளியில்
யாரோ ஒயரில் கால் இடறி
யாரோ அதை மறுபடி சொருகி
வெளிச்சம் வந்ததும் கட்டைவிரல் காட்டினார்கள்.

நடுக் கட்டையை அழுத்துகிறேன்.
இல்லை.
பத்து விரலையும் வைக்கிறேன்.
பந்தியில் யாரோ ரசம் கேட்பது தெளிவாகக் கேட்கிறது.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று
வேலூருக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள்.
சாமி திரும்பி வந்து எத்தனையோ வருஷமாச்சு,
அந்த வரியை இன்னும் யாரும் அடிக்கவில்லை.
கீழே இடமிருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்:
சத்தமில்லாக் கீபோர்டு.

"இன்னா ஆச்சு?" மைக்கைப் பொத்திக்கொண்டு சுகிர்தா.
ரெண்டு நிமிஷம் என்கிறேன்.
தொகுப்பாளர் மோசஸ், மாப்பிள்ளையும் மாமியாரும் பஸ் ஏறுகிற
அந்தப் பழைய ஜோக்கைத் தொடங்குகிறார்.
போன வாரம் பேரணாம்பட்டில் அது நாலு நிமிஷம் ஓடியது.
இனி என் கடிகாரம் அதுதான்.

ஸ்பீக்கரா? லேப்டாப்பில் ஒரு பாட்டைத் தட்டினேன், அலறியது.
ஒயரா? கட்டையைத் தொடும்போதெல்லாம்
திரையின் மூலையில் கடுகளவு பச்சை கண் சிமிட்டுகிறது.
வருகிறது.
வந்தது, போய்ச் சேரவில்லை.

எட்டு வருஷமாக வாசிக்கிறேன், இன்னும் இது எனக்கு வியப்பு:
இந்த ஒயரில் இசை ஓடுவதே இல்லை.
எந்தக் கட்டை, எவ்வளவு வேகம், எப்போது விட்டாய்.
அறுபது. தொண்ணூற்று மூன்று. விட்டாச்சு.
தந்தி மாதிரி.
வயலினும் ஷெனாயும் உள்ளே தூங்குகின்றன;
பேர் சொல்லிக் கதவு தட்டினால்தான் எழும்.

பதற்றத்தில் ஒரு தப்பு செய்தேன்.
எல்லாக் கருவிக்கும் ‘யார் வந்தாலும் திற’ என்று வைத்துவிட்டேன்.
சாதிக் அண்ணன் தன் ரிதம் பேடை ஒரு தட்டுத் தட்ட
நாகஸ்வரம், புல்லாங்குழல், சர்ச் கோரஸ்,
பதினொன்றும் ஒரே வாயாகக் கத்தின.
மணப்பெண் திரும்பினாள். ஒரு குழந்தை கைதட்டியது.
மோசஸ் மாமியாரைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு
எங்களைப் பார்த்தார்.

மூடினேன். எழுத்துக் கூட்டுகிற பையன் மாதிரி
திரையை மேலிருந்து படித்தேன்.
என் கீபோர்டின் பெயருக்கு முன்னால் ஓர் இரண்டு.
புது இனிஷியல்.
வேறு ஓட்டையில் சொருகியதால் வேறு ஆளாம்.
பழைய பெயர் சாம்பல் நிறத்தில்: ‘இணைப்பில் இல்லை.’
அந்த இல்லாதவனுக்காகத்தான் பதினொரு கருவியும்
காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கின்றன.

ரேஷன் கார்டில் எம். பூபாலன், ஆதாரில் என். பூபாலன்.
நான்தான் சார் ரெண்டு பேரும் என்று
தாலுகா ஆபீஸ் ஜன்னலில் மூன்று செவ்வாய்க்கிழமை நின்றேன்.
இப்போது என் கட்டைகள் நிற்கின்றன.

சரி, பழைய ஓட்டை?
அதில் வீடியோக்காரரின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.
ஒன்பது சதவீதம்.
மன்னிச்சுக்கணா.
பிடுங்கினேன், சொருகினேன், மென்பொருளை மூடித் திறந்தேன்.
அது ஒவ்வொரு வயலினாகப் பொறுமையாக எண்ணிக்கொண்டிருக்க
மாமியார் கடைசி ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள்.

மோசஸின் முடிவு வரிக்கு யாரும் சிரிக்காத இடத்தில்
நடுக் கட்டை.
வயலின்.

பகலில் எனக்குக் காட்பாடி கூரியர் கிடங்கில் வேலை.
மறுநாள் ஒரு பெட்டி: 632 602,
கதவு எண் சரி, தெரு சரி, பேரில் மட்டும் ஏதோ பிசகு.
போய்த் திரும்பி வந்திருக்கிறது.
‘அப்படி யாரும் இல்லை’ முத்திரையைக் கையில் எடுத்தேன்.
வைத்தேன்.
மேலே எழுதியிருந்த நம்பரைப் போட்டேன்.
ரிங் போகிறது.