மேற்படி

அஸ்தம்பட்டி, இரவு இரண்டு நாற்பது.
பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை
செத்துச் செத்து எழுந்துகொண்டிருந்தது
பெயரைக் கேட்டால் எண் சொல்கிற மென்பொருள்.

எழுப்பிவிட ஒரு காவல் நிரல் வைத்திருந்தோம்.
அது எழுப்பிய வேகத்தில்
ஊரில் யாருக்கும் தெரியவில்லை.
பதிவேட்டில் மாதேஷ் எழுதிய காரணம்: சூடு.
அடுத்த பன்னிரண்டு நாளும் அதன் கீழே: மேற்படி.
ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துப் பார்த்தார்.
ஏற்காட்டுக் கோபுரத்தில் இடி விழுந்ததாகவும் ஒரு பேச்சு.
சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸ்காரர் மட்டும்
"நெட்டு விக்கல் எடுக்குதுங்க" என்றார்.
அவர் சொன்னதுதான் சரி.

செத்த கணத்தின் நினைவகத்தைக்
கோப்பாக்கித் திறந்தேன்.
எங்கிருந்தோ வந்த ஒரு பதில்.
பார்க்கத் தபால் அட்டை அளவு.
உள்ளே பத்திர எழுத்தர் பாஷை:
பெயரின் மீதி, மேற்படி.
அங்கே போனால் இன்னும் கொஞ்சம் எழுத்து,
அப்புறம் மேற்படி.
மலைப்பாதையின் இருபதாவது வளைவில்
"மீதி பதினேழில்" என்றும்
பதினேழில் "மீதி ஒன்பதில்" என்றும்
யாரோ பலகை நட்டதுபோல
இறங்க இறங்க
பெயர் நீண்டது.

இருநூற்று ஐம்பத்தைந்து எழுத்துக்குத்தான் அறை.
அடுத்த எழுத்து நிற்கவில்லை,
பக்கத்து அறைச் சுவரில் எழுதியது.
அந்தச் சுவரில்தான்
வேலை முடிந்து எங்கே திரும்புவதென்று
நிரல் தனக்கே குறித்துவைத்திருந்தது.
அதன்மேல் இப்போது யாருடைய பெயரோ.
பெயரின் துண்டை ஊரென்று நம்பிப் போனது.
அப்படி ஓர் ஊர் இல்லை.
செத்தது.

இருந்திருந்தால்?
அனுப்பியவன் கொஞ்சம் நிதானித்து
அந்த எட்டு எழுத்தில்
உண்மையான ஓரிடத்தின் எண்ணை வைத்திருந்தால்?
நாங்கள் எங்கே என்கிறோமோ
அங்கே போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.
தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பதினாறு வருடப் பழைய வரி அது.
எழுதினவர் பெயர் கோப்பில் இல்லை.
ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும்:
"இவ்வளவு நீளப் பெயர் வராது."

என் பெயர் செங்கமலவல்லி.
வங்கி அட்டையில் செங்கமல.
கட்டம் தீர்ந்ததும் வெட்டிவிட்டார்கள்.
எல்லோரும் என்னைக் கூப்பிடுவது வல்லி,
ஆக அட்டையில் நான் இல்லை.
ஐந்து ரோடு கிளையில் மூன்று மனு,
ஒருமுறை சத்தமும் போட்டிருக்கிறேன்.
இன்றைக்கு அந்த நிரல் எழுதின
முகம் தெரியாத ஆளிடம்
மனசுக்குள் சொன்னேன்:
நீயாவது எண்ணினாய்.

திருத்தம் ஒரே வரி.
நீளம் பார், மிஞ்சினால் தள்ளு.
ஏற்றுவதற்கு நிறுத்தித் தொடங்கவேண்டும்,
நாலு விநாடி.
அந்த நாலு விநாடி
சூரமங்கலம் முதல் நாகலூர் எஸ்டேட் வரை
ஒரு பெயருக்கும் எண் கிடையாது.
சேர்த்துவைத்த அத்தனையும் காலி.
திட்டு வாங்கத் தயாராக
போனைக் கையில் எடுத்துக்கொண்டார் மாதேஷ்.

அடிக்கவில்லை.

எழுந்ததும் முதல் கேள்வி
ஜங்ஷன் பக்கத்து லாட்ஜிலிருந்து:
ரயில் எங்கே வருகிறதென்று பார்க்கிற தளம்.
எங்களுக்கு எதுவும் ஞாபகமில்லை.
வேரில் கேட்டோம், வேறிடம் காட்டியது,
அங்கே கேட்டால் இன்னோரிடம்.
எண் வந்தது.
நிரல் பார்த்துவிட்ட நீளத்தை
நானும் ஒருமுறை விரல்விட்டு எண்ணினேன்.
அதற்குள் லாட்ஜ்காரர்
அடுத்த ரயிலைக் கேட்டிருந்தார்.