ஒரு லீற்றர், இரண்டு நிமிடம்

மேசையில் இரண்டு பொதிகள்.
ஒன்று, சிவரூபன் சூரிச்சிலிருந்து காவி வந்த இன்ஜெக்ஷன்:
நாலு ஊசிவாய், ஒரு மூளைப்பெட்டி,
கோழிக்குடல் மாதிரி வயர்.
மற்றது கைக்குள் அடங்கும் காபுரேற்றர்:
ஒரு மிதவை, ஒரு ஊசி, ஒரு துளை.

"இது தானே யோசிக்கும்," என்றான் பெட்டியைத் தட்டி.
"யோசிக்கிறதுக்குப் பற்றரி வேணும்."
மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டச்சைக்கிளுக்கு
சேலைன் குழாயால் பெற்றோல் சொட்டுவிட்டு
ஆறு வருடம் உதைத்துக் கிளப்பியவள் நான்.
பம் நிற்கும். பியூஸ் போகும்.
பூமி இழுக்க மறந்ததென்று மட்டும்
இதுவரை ஒருவரும் முறைப்பாடு வைக்கவில்லை.

"மேல போகக் காத்து மெலியும் வதனா,
அப்ப ஆர் பெற்றோலைக் குறைக்கிறது?"
"என்ரை இடக்கை."
மூன்று நாள் கதைக்காமல் இருந்தான்.
நாலாம் நாள் பெட்டியை மறுபடி பொதிந்து
அலுமாரிக்கு மேல் வைத்தான்.

தாங்கி சிறகுக்குள், எங்கள் தலைக்கு மேல்.
ஏறும்போது மூக்கு நிமிரும்; விழுகிற உயரம் குறையும்.
எனவே நீர்வேலிச் செம்மண்ணில் கிடங்கு வெட்டி
வால் சக்கரத்தை இறக்கினோம்.
புகையிலைக் கொட்டிலுக்கு முன்னால்
விமானம் குந்தியிருந்து வானம் பார்த்தது.
குழாயைக் கழற்றிச் சோடாப் போத்தலுக்குள் விட்டோம்.
ஒரு லீற்றருக்கு இரண்டு நிமிடம் பத்து விநாடி.
அந்தப் பத்து விநாடியில்
வல்லை வெளிக்கு மேல் ஒருவர் இறங்க இடம் தேடலாம்.
குழாயின் ஒரு வளைவை வெட்டி எறிந்தோம், வடியை மாற்றினோம்.
ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு.
சிவரூபன் போத்தலை முகர்ந்து பார்த்தான்,
ஏனென்று தெரியாது.

வாலை உழவு மெசினில் கட்டி
முழு வேகம் கொடுத்து, சட்டென்று நிறுத்தி,
சூடாறமுதல் பிளக்குகளைக் கழற்றினேன்.
ஒன்றும் இரண்டும் புட்டுப்பானை அடி.
மூன்றும் நாலும் சுண்ணாம்பு.
ஒரே குழாயில் குடித்து
இரண்டு பேருக்குப் புளியேப்பம், இரண்டு பேருக்குப் பட்டினி.
துளையைப் பெருப்பித்தால் எல்லாருக்கும் கூடும்,
பங்கு மாறாது.
குழாயின் வளைவுக்குள்
நகமளவு தகடொன்றைச் சரித்து ஒட்டினேன்.
சரித்தேன், ஓட்டினேன், கழற்றினேன்,
பதினொரு தரம்.

பிறகு மார்கழி, மழை விட்ட விடியல்.
அரை வேகத்தில் இரண்டாயிரத்து இருநூறு.
ஒன்றும் தொடவில்லை; ஆயிரத்து எண்ணூறு.
இருமியது. ஊத்தை என்றேன். தண்ணி என்றான்.
காற்றுவாயைக் கழற்றி விரலை விட்டேன்,
சட்டென்று இழுத்தேன்.
தொண்டைக்குள் வெள்ளையாய், கடினமாய், ஐஸ்.

பெற்றோல் ஆவியாகப் போகும்போது
கையில் கிடைத்த சூட்டையெல்லாம் கொண்டு போகும்,
ஈரக்காற்றை உறைய விட்டு.
புத்தகத்தில் வாசித்ததுதான்.
ஆனால் நீர்வேலியில்,
சாரம் நனைய வியர்த்துக்கொண்டு நிற்கையில்?

சிவரூபன் வரப்பில் இருந்துவிட்டான்.
"இருவத்திரண்டு வருசம் சவளாலை வழிச்சனான்," என்றான்,
"தப்பி வந்திட்டன் எண்டு நினைச்சன்."
சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி விழுந்தது.
அவன் விரலால் தொடுவதற்குள்
அது தண்ணீர்.

பால்மா ரின் ஒன்றைப் பிளந்து
புகைக்குழாயைச் சுற்றிப் போர்த்தினோம்,
அந்தச் சூட்டுக்காற்றை ஊட்ட ஒரு நெம்புகோல் வைத்தோம்.
இழுத்தால் வேகம் கொஞ்சம் விழும்,
உருகிய நீரை விழுங்கிச் செருமும்,
பிறகு ஏறும்.
அந்தச் செருமலைக் கேட்டுக்கொண்டிருக்க
இப்போது பழகிவிட்டது.

பறக்க அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை.
நேற்றுப் பிளக்குகள்: மூன்று, சுட்ட செங்கல் நிறம்.
நாலாவது ஒரு பிடி வெளிறல்.
பக்கத்துக் காணிப் புவனேந்திரர் வேலிக்கு மேலால்
ஒரு தாளை நீட்டினார்:
காற்றில் கிழிந்த வாழையிலை, நூற்றுப் பதினேழு,
சாப்பாட்டுக்கடை விலைப்படி.
சிவரூபன் காசை எண்ணிக் கொடுத்தான்.
"இருநூறாப் போட்டு வையுங்கோ அண்ணை," என்றேன்,
"நாலாவது இன்னும் சரிவரேல்லை."