கடனுக்குப் போனவன்

வல்லரசு என்று பேர்.
பதினோரு ஆட்டம், ஒரு கோல் இல்லை.
கும்பகோணம் ஆட்டோ நிறுத்தத்தில்கூடச்
சொல்லிச் சிரிக்கிறார்கள்.
நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய,
சட்டையின் முதுகில் அச்சடித்துவிட்டார்களே.

ஒப்பந்தம் போட்ட அன்று
குடமுருட்டி கிளப் மேலாளர் ஜெயவீரன்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சொன்னார்:
மாதம் பதினெட்டாயிரம்,
கோலுக்கு இரண்டாயிரம்.
அந்த இரண்டாயிரத்தை
அன்று ராத்திரியே ஏழெட்டு முறை
மனதுக்குள் செலவழித்துவிட்டேன்.

முதல் ஆட்டம், எண்பத்து மூன்றாம் நிமிடம்.
பலகையில் என் எண் பச்சையில் எரிந்ததும் ஓடினேன்.
பந்தைத் தொட்டது நான்கு முறை.
அதில் ஒன்று,
வெளியே போனதை எடுத்துக் கொடுத்தது.

ஸ்டிரைக்கருக்குப் பந்து வருவது
கடைமடைக்குத் தண்ணீர் வருவது மாதிரி.
கல்லணையில் திறந்தாச்சு என்பார்கள்,
டிவியில் பூத்தூவுவார்கள்,
மேலே இருப்பவன் மடையைத் திருப்பிக்கொள்வான்,
நடுவில் இருப்பவன் கொஞ்சம்.
நம்மிடம் வரும்போது கணுக்கால் நனையும்.
அதையும் நான்
கம்பத்துக்கு மேலே அடித்தேன்.
தென்னந்தோப்பில் தேடப் போன பையன்
பந்தோடு ஓர் இளநீரும் கொண்டுவந்தான்.

தை மாதம்,
நாகப்பட்டினம் கிளப்புக்கு என்னை
ஆறு மாதக் கடனாகக் கொடுத்தார்கள்.

"கடனா?"
செவ்வாய்க்கிழமை குழுவில் கட்டவேண்டிய நோட்டுகளை
எண்ணிக்கொண்டிருந்த அம்மா நிறுத்திவிட்டாள்.
"வட்டி எவ்வளவு?"
"வட்டியெல்லாம் இல்லம்மா."
"யாரு கட்டணும்?"
"யாரும் கட்ட வேணாம். என்னையே திருப்பித் தருவாங்க."
"தரலைன்னா?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

நாகையில் மைதானம் பாதி மணல்.
அறையில் கூட இருந்தவன் நசுருதீன், லெஃப்ட் பேக்.
தூக்கத்திலும் ஆஃப்சைடு கேட்டுக் கை தூக்குவான்.
பிற்பகல் காற்று கடலிலிருந்து வந்து
நல்ல பந்தையும் கெட்ட பந்தையும்
ஒரே பக்கம் தள்ளியது.
தினமும் நூறு தடவை தலையால் முட்டினேன்.
நெற்றியில் உப்பு,
வியர்வையா கடலா தெரியாது.

மூன்றாம் ஆட்டம். கார்னர்.
நசுருதீன் அடித்தது வளைந்து வந்தது.
நான் குதித்தேன்.
அது தலைக்கு வரவேயில்லை.
யாரோ ஒருவனின் முதுகில் பட்டு,
விழுந்துகொண்டிருந்த என் முழங்காலில் பட்டு,
மிக மெதுவாக,
கோட்டைத் தாண்டலாமா என்று யோசித்து,
தாண்டியது.

கண்ணாடி முன்னால் பழகிவைத்த கொண்டாட்டம்
ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.
எழுந்து கால்சட்டை மணலைத் தட்டினேன்.
அதற்குள் ஆறேழு பேர் மேலே விழுந்தார்கள்.

வீடியோ அனுப்பினேன்.
மூன்று தடவை பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்,
"முட்டியில நல்ல அடியாடா?"

அதற்குப் பிறகு நான்கு. ஒன்றாவது அழகாக இருந்தது,
யாரும் அதைப் படம் எடுக்கவில்லை.

ஆடியில் ஜெயவீரன் கூப்பிட்டார்.
ஒன்பதாம் எண் வேறொருவனுக்குப் போய்விட்டதாம்,
எனக்கு நாற்பத்தொன்று.
நாகைக்காரர்கள் ஐந்து கோலுக்கும்
இன்னும் பணம் தரவில்லை.
துண்டுச்சீட்டில் எழுதி வாங்கி
பூட்ஸுக்குள் வைத்திருக்கிறேன்.

திருவாரூர் தாண்டுமுன் பஸ் நின்றது.
சன்னலுக்குக் கீழே வாய்க்காலில்
அப்போதுதான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது,
கலங்கலாக, ஒரு ரப்பர் செருப்பையும்
காய்ந்த சருகையும் தள்ளிக்கொண்டு
கடைமடையைப் பார்த்து.
நான் அதற்கு எதிர்த்திசையில்
டிக்கெட் எடுத்திருந்தேன்.