மேலடுக்கு

ஃபார்மலின் குப்பியில் வந்து சேர்ந்தது:
ஏழு மில்லிமீட்டர்.
சீட்டில் கோர்மோஷ் வென்டெல், ஆண், ஐம்பத்தெட்டு,
மகோவிலிருந்து வெங்காயம் ஏற்றும் லாரியோட்டி.
தொழிலை எதற்கு எழுதினார்களோ.

சனிக்கிழமை இரவு, திஸா ஆற்றுப் பாலத்தின் நடுவில்
மார்பைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்திருக்கிறார்.
அக்டோபரில் வைத்த ஸ்டென்ட்
பிப்ரவரியில் அடைத்துக்கொண்டது.
மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள்.
பிழைத்துவிட்டார். மூன்றாம் மாடியில்
உப்பில்லாத சூப்பைத் திட்டிக்கொண்டிருக்கிறாராம்.

அவரை நான் பார்த்ததில்லை.
அவரைக் கொல்ல வந்தது
என் மேசைமேல் இருக்கிறது.

மெழுகில் பதித்து
மூன்று மைக்ரான் தடிப்பில் சீவுகிறேன்.
வெந்நீரில் மிதக்கும் சீவலைக்
கண்ணாடித் தகட்டில் ஏந்தும்வரை
மூச்சை அடக்க வேண்டும்.
பிறகு சாயங்கள்.
ரத்தம் சிவப்பு என்ற நம்பிக்கையை
இங்கே செருப்போடு வாசலில் விட்டுவிட வேண்டும்:
இந்தச் சாயத்தில் சிவப்பணு மஞ்சள்.
சிவப்பு, ஃபைப்ரின் இழைகளுக்குப் போய்விடும்.
இழைக்கு வயதானால் அதுவும் வெளுத்து
நீலத்துக்குச் சாயும்.

மேலிருந்து கீழே படிக்கிறேன்.
விளிம்பில் தட்டணுக்கள், வெளிறிய பொடிமணல்.
அவற்றிடையே சிவப்பணுக்கள்,
சண்டைக்கு வராதவை,
வழியோடு போய் மாட்டிக்கொண்டவை.
நடுவில் நியூட்ரோஃபில்கள்.
தன் உட்கருவைத் தானே கிழித்து
டி.என்.ஏ.வை வலையாக வீசிவிட்டுச் செத்தவை.
கிருமி என்று நினைத்தன.
எதிரே இருந்தது கோபால்ட் கம்பி.

அடியில் நீலம்.
உருத்தெரியாமல் கரைந்த அணுக்கள்.
இரண்டோ மூன்றோ நார்செல்கள்
இனி இதுதான் ஊர் என்பதுபோல் குடியேறியிருந்தன.
வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும், பத்து நாளும் இருக்கலாம்.
அத்தனை நாளும் அந்த மனிதர்
பெட்ரோல் போட்டிருக்கிறார், சுங்கச்சீட்டு வாங்கியிருக்கிறார்,
ஓரம் போ என்று யாரையோ ஏசியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண்
கதவு தவறி உள்ளே வந்தாள்.
எடெல்கா, அவர் மனைவி.
கையில் நாளுக்கொரு அறை வைத்த மாத்திரைப் பெட்டி.
வியாழன், வெள்ளி, சனி:
அறைக்கு ஒரு மாத்திரை அப்படியே கிடந்தது.

சவரம் செய்தால் ரத்தம் நிற்காது, என்றாள்.
தலையணை உறை மூன்று போச்சு.
புதன்கிழமை நான்தான் கத்தினேன்,
தூக்கிப் போடு அந்தச் சனியனை என்று.
சொன்னதைக் கேட்கிற ஆளே இல்லை அவன்.
இதை மட்டும் கேட்டான்.

பிறகு, என்னாலா? என்றாள்.

விதியில் இடமில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
தகட்டை நகர்த்தினேன், கீழே, இன்னும் கீழே,
நீலம் தெரியும்வரை.
"இது நீங்கள் கத்துவதற்கு முன்னாலேயே
உட்கார்ந்துவிட்டது" என்றேன்.
பொய்யில்லை.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தாள்.
வெங்காய மண்டியில் இருபது வருடம் நின்றவள்.
"மேல்தோல் மினுமினுவென்றுதான் இருக்கும்," என்றாள்,
"அழுகல் உள்ளேயிருந்து வரும்."
ஆமாம் என்றேன்.

தகட்டை நகர்த்தும் திருகின்மேல்
என் கட்டைவிரல் இருந்தது.
அரைச்சுற்று போதும்,
அந்தப் பொடிமணல் வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.
மூன்று நாள்கூட ஆகாதது.
குழாயைக் கடைசியாக மூடியது.

பெட்டியை அவள் மறந்துவிட்டுப் போனாள்.
மாடிக்குக் கொடுத்தனுப்பினேன்.

அறிக்கையில் எல்லா அடுக்கும் இருக்கிறது,
மேலடுக்கு முதல் வரியிலேயே.
எங்கள் மருத்துவமனையில் அதை
லத்தீனில் எழுதுவதுதான் வழக்கம்.