நாற்பத்தொன்றாவது ஃபிரேம்

கோப்பு வந்தது மதியம் மூன்று மணிக்கு.
வெளியே அதற்குள் இருட்டு. கிளாக்ஸ்விக்கில்
டிசம்பருக்கு மதியம் என்று தனியாக ஒன்று கிடையாது.
பதினேழு கேபி. ஒரு புகைப்படத்தின் ஓரம்கூட
அந்த எடைக்குள் அடங்காது.
இதில் ஒரு மனிதன் இருக்கிறான் என்றாள் ரக்னா.

திறந்து பார்த்தேன். மனிதன் இல்லை, எண்கள்.
அடைப்புக்குள் அடைப்பு, காற்புள்ளி, மறுபடி எண்.
தோள் இருக்கும் இடம், முழங்கை திரும்பும் பாகை,
ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு
வளைந்து போகச் சொல்லும் இரண்டு கைப்பிடிகள்.
கோடு என்று எதுவுமே வரையப்படவில்லை அதில்.
கோடு போடுவதற்கான சம்மதம் மட்டும்.

பக்கத்தில் நூலகத்தைச் சேர்த்தேன்.
நூலகம் என்றுதான் சொல்கிறோம், ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்.
உள்ளே ஏடு ஒன்றும் கிடையாது, இழைதான்:
ஒரு முனையைப் பிடித்து ஓடு என்றால்
மறுமுனையில் ஒரு முட்டி மடங்கும்.

மடங்கியது.
மஞ்சள் மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, கையில் கயிறு.
துறையின் ஓரமாக நடந்து வந்து
கம்பத்தில் கயிற்றைச் சுற்றிவிட்டுத் திரும்பினான்.
படகு டிக்கெட் உறுதியாகும்வரை
பயணி பார்த்துக்கொண்டிருக்க மூன்று விநாடி,
போதாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவுதான் அவன் வேலை.
சுவரளவு திரையில் போட்டுப் பார்த்தேன்.
கோட்டின் பொத்தான் விளிம்புகூட மழுங்கவில்லை.

ஆனால் முப்பத்தெட்டாவது ஃபிரேமிலிருந்து நாற்பத்தொன்றுவரை
இடது கால் தரையிலேயே நின்றது.
உடம்பு முன்னால் போயிற்று, கால் வரவில்லை.
பிறகு எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல்
ஓடிவந்து சேர்ந்துகொண்டது.
தளை தட்டுகிறது என்று நினைத்தேன்.
ஏற்றுமதியில் எப்போதும் ஏதாவது உதிரும்:
நிழல் உதிரும், மங்கல் உதிரும், இம்முறை ஓர் எட்டு.
அவளிடம் கேட்கவில்லை. கேட்பது என் பழக்கமில்லை,
என் முன்னாள் மனைவியும் இதைச் சொல்லியிருக்கிறாள்.
மூன்று எண்களை மாற்றினேன்.
எண்ணெய் விட்ட கீல்போல் நடந்தான்.
வெள்ளி இரவே ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன்.

சனிக்கிழமை ரக்னா என்னைத் துறையில் பிடித்தாள்.
ஹேய்னியின் காலை என்ன செய்தாய்?

அப்போதுதான் பார்த்தேன்.
அதே மஞ்சள் கோட்டில் எட்டுப் பேர், மூடுபனி,
முகம் எதுவும் தெரியவில்லை.
ஆனால் ஹேய்னி எவர் என்று
படகிலிருந்து இறங்கிய ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஒன்பது நாள் காருக்குள் உட்கார்ந்து
கைபேசியில் படம் பிடித்து எண்ணினேன், என்றாள்.
நான்கு ஃபிரேம். ஐந்து வைத்தால் கேலி. மூன்று வைத்தால் பொய்.
நீ ஏற்றியிருப்பது யாரை? எந்த ஊர்க்காரன் அவன்?

அவரிடம் கேட்டாயா என்றேன்.
ரக்னா கடலைப் பார்த்தாள்.

பழைய எண்களைத் திருப்பி வைத்தேன்.
வைத்த பிறகும் மனசு கேட்கவில்லை.
ஒருவருடைய நொண்டலை அவருக்கே தெரியாமல்
ஒருவர் எடுத்திருக்கிறோம், ஒருவர் அழித்திருக்கிறோம்;
எது பெரிய திருட்டு என்று
எந்தக் கன்சோலும் சிவப்பில் காட்டப் போவதில்லை.

திங்களன்று இருவருமாகப் போனோம்.
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி
ஹேய்னி தன் போனில் பக்கத்தைத் திறந்தார்.
காத்திருந்தோம். மஞ்சள் மனிதன் நகரவில்லை.
மூன்று விநாடி. ஆறு. பன்னிரண்டு.
எனக்கு வயிற்றில் ஏதோ சுருண்டது.

ஓ, அதுவா, என்றார். திரையில் எது ஆடினாலும்
எனக்குக் குமட்டும். அசைவே வேண்டாமென்று
அமைப்பில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.
இருபத்தாறு வருடம் கடலோரத்தில், அலைக்கு ஒன்றும் ஆகாது.

அந்த விதியை எழுதியவன் நான்தான்:
அசைவு வேண்டாதவருக்கு ஃபிரேம் பூஜ்யம்.
பூஜ்யத்தில் அவன் இன்னும் புறப்படவில்லை.
இரண்டு காலும் சேர்ந்து, கயிறு கையில்,
எங்கோ வெளியே வருகிற படகைப் பார்த்தபடி.

ஹேய்னி நெடுநேரம் பார்த்தார்.
நானா?
ஆமாம்.
கயிற்றை இடப்பக்கமாகச் சுற்றியிருக்கிறாய்,
இப்படிச் சுற்றினால் முறுக்கேறும், என்றார் ரக்னாவிடம்.
மற்றபடி சரி.

படகு ஊதியது. கையுறையை மாட்டிக்கொண்டு போனார்.
நாங்கள் எண்ணவில்லை.
எண்ணாததுபோல் நின்றோம்.